படுக்க ஓர் இடம்

அறிக்கைக்குத் தலைப்பு மட்டும் வைத்திருக்கிறேன்:
‘காற்றாலை – சிறு தீவுக்கான உத்திகள்’.
போர்ட் லூயியில் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.
இங்கே ரோட்ரிக்ஸில் இன்று செவ்வாய்,
வெளிச்சம் இன்னும் பாதி ஊருக்குத்தான்,
மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்.

படித்த தமிழில் காற்றுக்கு நான்கு பெயர்.
கிழக்கு கொண்டல், மேற்கு கோடை,
வடக்கு வாடை, தெற்கு தென்றல் –
ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை வகுப்பில்
ஒரே மூச்சில் ஒப்பித்து ஒரு பென்சில் வாங்கினேன்.
இந்த மேட்டுக்கு ஆண்டில் முக்கால்வாசி
தென்கிழக்கிலிருந்தல்லவா வருகிறது?
அதற்கு அந்த நான்கில் இடமில்லை.
கோப்பில் அதன் பெயர் நூற்று முப்பது டிகிரி.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.
சரி.
இரவு மூன்று மணிக்குத் தீவே தூங்கும்போது
வாங்க ஆளில்லாமல் வீசுகிறதே, அதை?
இறக்கையையே பிடுங்கிக்கொண்டு போக வருகிறதே, அதை?
பழமொழி அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

அதனால்தான் இந்த மூன்று கோபுரங்களுக்கும்
அடியில் கீல் வைத்தோம்.
புயல் வந்தால் வின்ச் போட்டுச் சாய்த்துவிடலாம்,
பிறகு நிமிர்த்தலாம்.
கையேட்டின்படி கோபுரத்துக்கு நாற்பது நிமிடம்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள்:
எவ்வளவு உயரம், ராத்திரி சத்தம் வருமா,
ஆடு மிரளுமா, டீசல் கப்பல் குறையுமா,
அப்படியே பில்லும் குறையுமா.
மதாம் ஜொசியான் பெர்ரின் மட்டும்
கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்:
‘சரி, எங்கே படுக்கும்?’
சிரித்தார்கள். நானும்தான்.
கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை.
குறிப்பு எழுதியது நான்.

போன வியாழன் நாலு மணிக்கு
வானொலியில் இரண்டாம் எச்சரிக்கை.
வின்ச் கோவிலன் சின்னதம்பு கையில்.
படுக்கவென்று ஒதுக்கிய துண்டு நிலத்தில்
சாலைக் கான்ட்ராக்டர் கருங்கல்லைக்
குன்றாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்.
சுவருக்கு அந்தப்பக்கம் சமதளம் –
மதாம் பெர்ரினின் சிவப்பு பீன்ஸ்,
பூ விட்டிருந்தது.

அவர் வழியை மறிக்கவில்லை.
‘எண்ணிக்கொள்’ என்றார்.
புடவையல்ல, மழைக்கோட்டு; அதுவே பறந்தது.
இருவரும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினோம்.
ஏழாவதில் குழம்பி முதலிலிருந்து தொடங்கினோம்.
கோவிலன் வானத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.
பதினொன்று.
‘எழுது’ என்றார். எழுதினேன்.
பிறகு அவரே குனிந்து
தண்ணீர்க் குழாய்களைச் சுருட்டி எடுத்தார்.

முதல் கோபுரம் மெதுவாகத்தான் இறங்கியது,
முதுகுவலிக்காரர் பாயில் சாய்வதுபோல்,
பாதியில் ஒருமுறை நின்று.
இரண்டாவது, பீன்ஸுக்குக் குறுக்கே.
மூன்றாவதில் இருட்டிவிட்டது, கம்பி சிக்கியது.
நின்றபடியே விட்டுவிட்டு ஓடினோம்.

அதன் ஒரு இறக்கை பள்ளிக்கூட மைதானத்தில் கிடைத்தது.
இன்னொன்றைக் கடலில் தேடச் சொன்னான் கோவிலன்,
ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு.
படுத்திருந்த இரண்டின் மறைவில்
யாருடைய ஆடுகளோ ஆறு,
மழை விட்ட பிறகும் எழ மனமில்லாமல்.

டீசல் கப்பல் இன்னும் வரவில்லை.
நேற்று நிமிர்த்திய இரண்டும்
ஆஸ்பத்திரியையும் மீன் ஐஸ் அறையையும் ஓட்டுகின்றன.
இந்த மடிக்கணினியை அல்ல. பன்னிரண்டு சதவீதம்.

உத்தி ஒன்று, என்று எழுதி அழித்தேன்.
மானியம், கடன் வட்டி, பேட்டரி –
அதெல்லாம் எழுதத் தெரியும், எழுதிவிடுவேன்.
முதலில் செலவுப் பட்டியல்.
பதினொரு வரிசை பீன்ஸ், பூ நிலையில்:
வாரியத்தின் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடிவிட்டு
‘அடித்தளம்’ என்ற கட்டத்தில்,
கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் மேலே,
எழுதினேன்.